உட்மூர்த்து ரீச்சரும் ஒரு கதிரையும்

“…ஆனால் அந்தக் கதிரை எனக்கில்லை, புரொபெசோரே” என்றார் ரீச்சர்.

இந்தப் பாதி வசனம்தான் இன்றைக்கும் என் காதில் நிற்கிறது. முன்பாதி நன்றியில் தொடங்கியது. அவர் எதையும் நன்றி சொல்லித்தான் தொடங்குவார். பலேர்மோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியறை அது. தை மாத மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் என் மகளின் வகுப்பாசிரியர். இந்தப் பக்கம் பச்சைப் பிளாஸ்டிக் இருக்கையும் இரும்புக் காலும் உள்ள ஒரேயொரு கதிரை. அதன் முன்னால் நாங்கள் இரண்டு பேர். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் பிறந்து, வீடு துடைக்க இந்த நகரத்துக்கு வந்தவள். மற்றவர் ருஷ்யாவுக்குள்ளே உட்மூர்த்து என்றொரு சின்னச் சனத்தில் பிறந்து, சோவியத் காலத்தில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து, அந்த நாடு உடைந்த பிறகு என்னைப் போலவே இங்கே வீட்டு வேலைக்கு வந்தவர். தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை.

அந்தக் கதிரை நினைவுக்கு வந்தால் எனக்கு முதலில் எழும்புவது பொறாமை. வேறு நல்ல பெயர் வைத்து அதை மூட நான் விரும்பவில்லை. கதிரை வேண்டாம் என்று சொல்வதற்கு முதலில் ஒருவர் கதிரையை இழுத்துக் கொடுத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் என் வாழ்க்கையில் அப்படி இழுத்துக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை.

வியா மக்வேதா என்ற பெரிய தெருவிலிருந்து உள்ளே திரும்புகிற ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடியில், எங்கள் சிஞ்ஞோராவின் வீடு. சிஞ்ஞோரா என்றால் அம்மணி, எனக்கு முதலாளியம்மா. காலையில் போய் மத்தியானம் தாண்டும்வரை அங்கே வேலை செய்வேன். துடைப்பதும் சமைப்பதும் அயன் பண்ணுவதும்தான் வேலை என்றாலும், தனியாக இருந்த அந்த மனுஷிக்கு உண்மையில் தேவைப்பட்டது என் வாய். படியேறும்போதே சந்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு வருவேன். மீன்காரன் யாரைத் திட்டினான், திட்டு வாங்கியவள் என்ன திருப்பிச் சொன்னாள், கீழ்மாடி விதவை எந்த நிறத்துச் சட்டையோடு வெளியே போனாள், எல்லாம் சொல்வேன். ஆட்களின் குரலிலேயே சொல்வேன். சிஞ்ஞோரா கோப்பியை ஆறவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். “நீ வந்து சொன்னால்தான் எனக்கு விடியுது” என்பார். அந்த ஒரு வசனத்தை நகை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்தேன். மனிசர் சொல்வதைச் சேர்த்து வைப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஒருத்திக்குச் சேர்த்து வைக்க வேறு என்ன கிடைக்கும்?

ஒரு நாள் சிஞ்ஞோரா குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இரவும் பகலும் கூட இருக்க ஒரு ஆள் வேண்டும் என்று அவருடைய மருமகன் தேடி, ருஷ்யாக்காரி ஒருத்தியைக் கொண்டுவந்து விட்டார். ஐம்பது வயது இருக்கும். உருண்டை முகம், செம்பட்டை முடி, பலேர்மோ வெயிலுக்குக் கொஞ்சமும் ஒவ்வாத தடித்த பழுப்பு நிறக் கோட்டு. கோட்டின் கழுத்து மடிப்பில் கருநீலத்தில், வெள்ளைக் கரை போட்ட ஒரு பதக்கம். சாய்சதுரமாக இருந்தது. மேலே பொன்னிறச் சின்னம், கீழே ஒரு விரித்த புத்தகம். அந்தப் புத்தகத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

முதல் கிழமை எனக்குச் சந்தோசமான கிழமை. அவருக்கு வீட்டு வேலை வரவில்லை. இந்த ஊரில் மத்தி மீனின் தலையை விரலால் கிள்ளி முள்ளோடு இழுப்பார்கள். அவரோ கத்தி கேட்டார். நிலம் துடைப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கரும்பலகை அழிப்பதுபோல மேலிருந்து கீழ், மேலிருந்து கீழ், ஒரு மூலை விடாமல் துடைத்துவிட்டு, கடைசியில் இரண்டு கைகளையும் தட்டிக்கொள்வார், சோக்குத்தூள் உதிர்கிற மாதிரி. “என்ன ரீச்சர், நிலம் பாஸோ பெயிலோ?” என்று கேட்டேன். நக்கலுக்குத்தான் கேட்டேன். ரீச்சர் என்றால் என்ன என்று கேட்டார். படிப்பிக்கிறவர் என்றேன். அவருடைய முகம் முழுக்க வெளிச்சமாகிவிட்டது. “நான் அதுதான்! உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டார். குத்துவதற்கு எடுத்த ஊசியை அவர் வாங்கிக் கொண்டையில் சொருகிக்கொண்டார். அதற்குப் பிறகு என் மகள், சிஞ்ஞோரா, கீழ்மாடி விதவை உட்பட எல்லாருக்கும் அவர் ரீச்சர்தான்.

அவர் பேசியதெல்லாம் இத்தாலியன். ஆனால் ஒருவர் சொன்னது என் தலைக்குள் தங்க வேண்டுமென்றால் அது எங்கள் ஊர்த் தமிழுக்கு மாறித்தான் தங்கும். அப்படியே இங்கே எழுதுகிறேன். என்னை ‘சுஸேர்’ என்று கூப்பிடுவார். உட்மூர்த்துப் பாஷையில் தங்கச்சியாம். யாருக்கு யார் தங்கச்சி என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

மத்தியதரைக் கடலே தெரியாமல் வளர்ந்த மனுஷி, ஆறு மாதத்துக்குள் இத்தாலியப் பேப்பரைக் கையில் எடுத்துவிட்டார். சிஞ்ஞோராவுக்குப் பேப்பரில் பிடித்தது மரண அறிவித்தல்கள். யார் போனது, எந்தக் கோயிலில் பூசை, பிள்ளைகள் பெயரை எந்த ஒழுங்கில் போட்டிருக்கிறார்கள் என்று எல்லாம் வேண்டும். ரீச்சர் வரும்வரை நான் அந்தப் பக்கத்தை விரித்து அவருடைய மடியில் வைப்பேன். மூக்குக்கண்ணாடி போட்டு அவரே தடவித் தடவிப் பார்ப்பார். எனக்கு அந்த எழுத்தை உரத்து வாசிக்க வராது. கடைப்பலகை வாசிப்பேன், பஸ் பலகை வாசிப்பேன், அதோடு சரி. ரீச்சர் கட்டிலுக்குப் பக்கத்தில் நேராக உட்கார்ந்து, வகுப்புக்கு வாசிப்பதுபோல, செத்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராக மரியாதையோடு வாசிப்பார். ஒரு காலை நான் பெரிய கதையொன்றோடு மேலே ஏறினேன். சந்தையில் ஒருத்தி தன் புருஷனின் தலையில் கணவாய் மீனால் அடித்திருந்தாள். வாசலிலேயே தொடங்கினேன். சிஞ்ஞோரா கையைக் காட்டினார். “அவ வாசிச்சு முடிக்கட்டும். நீ பிறகு சொல்லு.”

பிறகு சொல்லும்போது அந்தக் கணவாயில் உயிர் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது மன்னார் அக்கா பிடித்துக்கொண்டா. எங்களுக்கு மேல்மாடியில் இருந்தவ. எல்லாருடைய வீட்டுச் செய்தியும் அவவுக்கு முன்கூட்டியே வந்துவிடும்.

“எடியே, உன்ரை சிஞ்ஞோராவுக்கு இப்ப ருஷ்யாக்காரி பேப்பர் வாசிக்கிறாவாமே?”

“ஓம், வாசிக்கிறா. அதுக்கென்ன இப்ப?”

“அப்ப நீ?”

“நான் கதைக்கிறன்.”

“கதைக்கிறதெண்டால் கிளியும்தான் கதைக்குது” என்று சொல்லி, பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தா.

இந்த அக்காவேதான் பிறகு ரீச்சரின் முன்னால் முழங்கால் போடாத குறையாக நின்றா. ஒரு ஞாயிறு ரீச்சருக்கு அரை நாள் லீவு. தனியே எங்கே போவது என்று என்னோடு கோயிலுக்கு வந்தார். அவர் கோயில் குளம் என்று போகிற ஆள் இல்லை. ஆட்கள் நடுவில் இருக்கலாம் என்று வந்தார். வழக்கம்போல அந்தக் கோட்டு, அந்தப் பதக்கம். மன்னார் அக்காவின் கண் நேரே அதில் போய் விழுந்தது. நீலமும் வெள்ளையும்! மாதாவின் நிறமல்லவா? “ருஷ்யாவிலை இருந்து மாதா வந்திருக்கிறா, பாருங்கோ பிள்ளையள்!” என்று சொல்லிக்கொண்டே கிட்டப் போய், பதக்கத்தைத் தொட்டு முத்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டா. அவ செய்தால் மற்றவர்கள் விடுவார்களா? ஒருவர் பின் ஒருவராக வரிசை பிடித்தார்கள். ரீச்சர் கொடிக்கம்பம் மாதிரி அசையாமல் நின்றார். கையை மட்டும் பதக்கத்துக்குக் கீழே ஏந்தலாக வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் வரும்போது, “அவையள் என்ன நினைச்சவை?” என்று கேட்டார். சொன்னேன். அது அவர் படித்த ஆசிரியர் கல்லூரியில் பட்டம் வாங்கியபோது கொடுத்த பதக்கமாம். அவர்கள் நாட்டில் மேற்படிப்பு முடித்தவர்கள் எல்லாரும் அதைச் சட்டையில் குத்திக்கொள்வார்களாம். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ரை அம்மாவும் இப்பிடித்தான்” என்றார்.

அவர்கள் ஊர்ப் பெண்கள் வெள்ளிக்காசுகளைத் துணியில் வரிசையாகத் தைத்து நெஞ்சில் பூணுவார்களாம், எங்கள் காசுமாலைக்குத் தங்கச்சி மாதிரி. ரீச்சர் பட்டத்தோடு வீடு வந்த அன்று தாய்க்காரி அந்தப் பதக்கத்தைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறா. மறுநாள் பார்த்தால், காசுகளுக்கு நடுவில், நெஞ்சுக்குழிக்கு நேரே, அதைத் தைத்து வைத்திருக்கிறா. அது நகை என்றே அவ விளங்கிக்கொண்டா. அதைப் போட்டுக்கொண்டு ஒரு கலியாண வீட்டுக்கும் போய் வந்துவிட்டா. “படிச்சது நான், பூட்டிக்கொண்டு போனது அவ” என்றார் ரீச்சர். “கழட்டித் தாங்கோ எண்டு கேக்க எனக்கு மனம் வரேல்லை. அவவும் படிச்சவதானே.”

அந்தத் தாய் படித்த விதத்தை அவர் இன்னொரு நாள் குசினியில் சொன்னார். நான் கூனைப்பூக்களின் முரட்டு இதழ்களை உரித்துக்கொண்டிருந்தேன். அவர் நிலம் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றார். அவருடைய அம்மா பிறந்த காலத்தில் அவர்கள் ஊர்ப் பெண்களுக்கு எழுத்தே தெரியாதாம். தெரிய வேண்டும் என்று யாரும் நினைக்கவுமில்லை. புது அரசாங்கம் வந்து, எல்லாரும் படிக்க வேண்டும், பெண்களும் படிக்க வேண்டும் என்று ஊர் ஊராக வகுப்பு வைத்தது. மாலையில் ஒரு பெரிய வீட்டில் விளக்கைக் கொளுத்தி, அவர்கள் சொந்தப் பாஷையிலேயே எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்களாம். படிப்பிக்க வந்தது மீசைக்காரன் இல்லை, படிக்க வந்தவர்களைவிட இளைய ஒரு பெட்டை. அம்மா அப்போது புது மருமகள். சிக்கல் என்னவென்றால், மாமனாரும் அதே வகுப்பு. மாமனார் முன்னால் மருமகள் தலைத்துணி விலகக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது, அவர் இருக்கிற வாங்கிலில் இருக்கவும் கூடாது. அப்படிப்பட்டவள் எப்படி எழுத்தை உரத்துச் சொல்வாள்?

“என்ன செய்தவ?” என்று கேட்டேன்.

ரீச்சர் தும்புத்தடியைக் கம்பளி நூற்கிற தடி மாதிரி இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். குசினிக் கதிரை ஒன்றின் பின்னால் போய், ஒரு அடி இடப்பக்கம் தள்ளி நின்றார். நாடியைத் தாழ்த்தினார். உதட்டைப் பூட்டினார். கண் மட்டும் கதிரையில் இல்லாத ஒரு மனிதனின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. “இப்பிடி” என்றார். “ஒரு மாரி முழுக்க இப்பிடி நிண்டு, அவற்றை புத்தகத்தை அவற்றை தோளுக்கு மேலாலை பாத்துப் படிச்சவ. வாய் திறக்காமல். கிழவருக்குக் கடைசிவரை வாசிக்க வரேல்லை. அம்மாவுக்கு வந்திட்டுது. சாகும்வரை உதடு அசையாமல்தான் வாசிச்சவ. என்ன வாசிக்கிறா எண்டு வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியாது.”

நான் உரித்துக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டேன். நாங்கள் இரண்டு பேரும் செய்கிற வேலைதானே அது. சிஞ்ஞோரா டொக்டரிடம் போனால் அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு அவருடைய கதிரைக்குப் பின்னால் இப்படித்தான் நிற்போம்.

பிறகு ரீச்சரின் தலைமுறை. ஊருக்குத் தள்ளியிருந்த விடுதிப் பள்ளிக்கூடத்துக்குப் பனிக்காலத்தில் பிள்ளைகளை ஏற்றக் கூட்டுப்பண்ணையிலிருந்து குதிரை பூட்டிய சறுக்குவண்டி வருமாம். வைக்கோலுக்குள் கால்களைப் புதைத்துக்கொண்டு போவார்களாம். அதற்குப் பிறகு நகரத்தில் கல்லூரி. அவர் திரும்பி வந்து படிப்பிக்கத் தொடங்கியபோது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்களாம். மருந்துச்சாலையில் பெண், மாட்டு வைத்தியம் பெண், கணக்குக் கந்தோரில் பெண். “டிராக்டர் ஆம்பிளையளுக்கு, சோக்கு எங்களுக்கு” என்றார்.

எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்தில் எட்டுக்கு மேல் வகுப்பு இருக்கவில்லை. மேலே படிக்க வள்ளம் ஏற வேண்டும். பொம்பிளைப்பிள்ளை கடலில் தினமும் போய்வருகிறதாவது என்று என்னைப் பெத்த அப்பு ஒரு வசனத்தில் முடித்துவிட்டார். கிணற்றடியில் நின்று பார்த்தால் இறங்குதுறை தெரியும். ரீச்சருக்கு வண்டி வந்ததைக் கேட்டபோது எனக்கு அந்த வள்ளம்தான் கண்ணுக்குள் வந்தது. அவருக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. எனக்கும் வள்ளம் வந்தது. ஒவ்வொரு நாளும் வந்து, என்னை ஏற்றாமல் போனது. அன்றைக்கு எனக்கு ரீச்சரில் மட்டும் பொறாமை வரவில்லை. வாய் திறக்காமல் எழுத்தைத் திருடிய அந்தத் தாயிலும் வந்தது. அந்தக் கிழட்டு மாமனாரிலும் வந்தது.

இதில் அவர் கொடுத்த விலையையும் சொன்னார்தான். கல்லூரியில் எல்லாம் ருஷ்யன். நகரத்துப் பஸ்ஸில் ஏறினால் ஊர்ப் பெட்டைகள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுவார்களாம், தங்கள் பாஷை யாருடைய காதிலும் விழக்கூடாது என்று. “அம்மா மாமனாருக்காக வாயை மூடினவ. நாங்கள் நகரத்துக்காக மூடினம்” என்றார். இன்னொரு நாள் நானும் மகளும் அந்தக் குசினியிலேயே ஏதோ சின்ன விஷயத்துக்கு உரத்துச் சண்டை பிடித்தோம். முடிந்து அவள் கோபத்தோடு படியிறங்கிப் போன பிறகு ரீச்சர் மெதுவாகச் சொன்னார்: “உங்கடை மகள் உங்களோடை உங்கடை பாஷையிலை சண்டை பிடிக்கிறாள். என்ரை மகள் சண்டை பிடிக்கிறதும் ருஷ்யனிலைதான்.” சொல்லும்போது அவருடைய குரலில் இருந்தது எனக்குப் பழக்கமான சாமான். ஆனால் அதைக் கேட்டு என்னுடையது குறையவில்லை. அவரிடம் இல்லாதது என்னிடம் இருந்தால், என்னிடம் இல்லாதது எனக்கு வந்துவிடுமா?

ஏனென்றால் அதற்குள் அவர் என் மகளையும் எடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் மகள் நேரே சிஞ்ஞோரா வீட்டுக்கு வருவாள், என் வேலை முடியும்வரை குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்ய. முதலில் ஏதாவது விளங்காவிட்டால் என்னைக் கேட்பாள், நான் “செய்தியோ, சரி, இன்னொருக்காப் பார்” என்பேன். எனக்குத் தெரிந்த உதவி அவ்வளவுதான். ரீச்சர் வந்த பிறகு இரண்டு தலையும் கொப்பியின் மேல் ஒட்டிக்கொண்டன. வெங்காயத்துக்கு முன்னால் நின்று நான் முதுகால் கேட்டுக்கொண்டிருப்பேன். எக்ஸ், வை என்று ஏதோ சொல்லிக் கெக்கட்டமிட்டுச் சிரிப்பார்கள். கணக்கில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாததுதான் என் வயிற்றெரிச்சல். வீட்டில் சோறு போட்டால், “ரீச்சர் அன்ரி சொன்னவா…” என்றுதான் முதல் கவளமே உள்ளே போகும்.

மகளின் நடுநிலைப் பள்ளி கடைசி வருஷம். இங்கே அந்த வயதில்தான் பிள்ளையின் பாதை பிரியும். பெரிய படிப்புக்குப் போகிறவர்கள் லிசெயோவுக்குப் போவார்கள். மற்றவர்கள் தொழில் பள்ளிக்கூடங்களுக்கு. எங்கே அனுப்பலாம் என்று பள்ளிக்கூடம் ஒரு ஆலோசனை எழுதித் தரும். எங்கள் சனத்தின் பிள்ளைகளுக்கு அநேகமாக ஹோட்டல் பள்ளிக்கூடம் என்றே எழுதி வரும். என் மகளுக்கும் அதைத்தான் சொன்னார்கள். கணக்கில் நல்ல புள்ளி எடுத்தவளுக்கு, பரிமாறவும் கட்டில் விரிக்கவும். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. பதிவு முடிகிறதற்குள் பெற்றோர் வந்து பேசலாம் என்றார்கள். என் புருஷன் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார், லீவு கிடைக்கவில்லை. நான் போகிறேன் என்றேன்.

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நீங்கள் வரவேண்டாம் அம்மா. ரீச்சர் அன்ரி வரட்டும்.”

“ஏனடி? உன்னைப் பெத்தது ரீச்சரோ?”

“இல்லை… நீங்கள் கதைச்சால் மெர்க்காத்தோ மாதிரி இருக்கும். ப்ரோஃப் சிரிப்பார்.”

மெர்க்காத்தோ என்றால் சந்தை. என் இத்தாலியன் சந்தையில் படித்ததுதான், மீன்காரனிடமும் மரக்கறிக்காரியிடமும். அதை வைத்துத்தான் அவளுக்குச் சோறு போட்டேன்.  நானும் ரீச்சரும் போவோம் என்று மட்டும் சொன்னேன். இதற்குள் ரீச்சருக்கும் ஒரு பயம் இருந்தது. அவரிடம் பெர்மெஸ்ஸோ இல்லை. வதிவிட அனுமதி இல்லாத ஆள், அரசாங்கக் கட்டடம் ஒன்றின் படியை மிதிக்கவே யோசிப்பார். “நான் கூட வாறன் சுஸேர், ஆனால் கதைக்கிறது நீங்கள்தான்” என்றார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. பெரிய மனது காட்டுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

அன்றைக்கு நடந்ததில் என் பேச்சு முழுக்க எனக்கு நினைவில்லை. என் சந்தை இத்தாலியனில்தான் பேசினேன். ஒன்று மட்டும் நினைவிருக்கிறது: “கையாலை செய்யிற வேலையை வீட்டிலை நானே படிப்பிச்சிடுவன், புரொபெசோரே. அதுக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. எனக்குத் தெரியாததைத்தான் நீங்கள் படிப்பிக்க வேணும்.” அவர் சிரிக்கவில்லை. பேனையை மூடி வைத்துவிட்டு மகளின் புள்ளிகளைத் திரும்பவும் பார்த்தார். மகள் லிசெயோவுக்குப் போனாள்.

மறுவருஷம் சிஞ்ஞோரா கண்ணை மூடினார். அவருடைய அறிவித்தலைப் பேப்பரில் ரீச்சர்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். பிறகு வடக்கே எங்கேயோ வேலை என்று அந்தக் கோட்டோடு ரயில் ஏறினார். கொஞ்சக் காலம் டெலிபோன் வந்தது, பிறகு இல்லை.

மகள் இப்போது வடக்கில் ஒரு ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை. அவள் பட்டம் வாங்கிய அன்று இந்த நாட்டு வழக்கப்படி தலையில் அல்லோரோ இலைக் கிரீடம் வைத்தார்கள், நாங்கள் இறைச்சிக் கறிக்குப் போடுகிற அதே வாசனை இலைதான். அவள் அதைக் கழற்றி என் தலையில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னாள். வைத்துக்கொண்டே, “ரீச்சர் அன்ரி இதைப் பாத்திருக்க வேணும்” என்றாள். படத்தில் மற்றவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள், என் முகத்தைப் பாருங்கள். ஆனாலும் கிரீடத்தைத் தலையை விட்டு இறக்காமல் பலேர்மோ வரைக்கும் கொண்டுவந்தேன். ரயிலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நெஞ்சை நிமிர்த்தி இருந்தேன். வீட்டில் மாதா படத்துக்குக் கீழே தொங்கவிட்டேன். மன்னார் அக்கா பார்க்க வந்து, போகும்போது இரண்டு இலை கிள்ளிக்கொண்டு போய்க் கறிக்குள் போட்டுவிட்டா.

இப்போதும் ஒரு அரசாங்கக் கந்தோருக்குள் நுழைந்தால் எனக்கு முதலில் கண்ணில் படுவது கதிரைகள். எத்தனை இருக்கிறது, யாருக்கு இழுத்து விடுகிறார்கள் என்று பார்ப்பேன். இப்போதெல்லாம் எனக்கும் இழுத்து விடுகிறார்கள். தலை நரைத்துவிட்டது, மகள் கூட வருகிறாள். அப்போதெல்லாம் அந்த மழை நாள் திரும்பி வரும்.

நாங்கள் உள்ளே போனதும் புரொபெசோர் எழுந்தார். ரீச்சரின் தோலையும் கோட்டையும் நீலப் பதக்கத்தையும் பார்த்தார். அவருக்குப் பின்னால் குடையை மடக்கிக்கொண்டு நின்ற என்னையும் பார்த்தார். கதிரையை ரீச்சருக்கு இழுத்து விட்டார். “இருங்கோ சிஞ்ஞோரா. உங்கடை வீட்டிலை வேலை செய்யிற பெட்டையின்ரை மகளைப் பற்றித்தானே கதைக்க வந்தனீங்கள்? நீங்கள் சிரமப்பட்டு வந்திருக்கத் தேவையில்லை” என்றார். மிகவும் மரியாதையாகச் சொன்னார். வெள்ளைத் தோல் வந்தால் முதலாளியம்மா, கறுத்தத் தோல் வந்தால் வேலைக்காரி. இந்த ஊரில் அந்த நாட்களில் வேறு விதமாக யாருக்கும் தோன்றாது.

மகளுக்காக என் மனம் சொன்னது: இரு, ரீச்சர், இருந்துவிடு. சிஞ்ஞோராவாக இருந்து ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீ கேட்டால் இந்த ஆள் மறுக்கமாட்டான். அதே மனம் எனக்காகவும் சொன்னது: நீ அதில் இருந்தாயென்றால் நான் சாகும்வரை உன்னை மறக்கவும் மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்துக்கொண்டு நின்றேன். ரீச்சர் கதிரையின் முதுகில் கையை வைத்தார். பெர்மெஸ்ஸோ இல்லாத அந்த மனுஷி, தான் யார் என்று அந்த அறையில் சொல்லத் தேவையே இல்லாத மனுஷி, நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: நன்றி, நானும் இவவும் ஒரே வீட்டிலைதான் வேலை செய்யிறம், ஆனால் அந்தக் கதிரை எனக்கில்லை, புரொபெசோரே.

பிறகு கதிரையை என் பக்கம் திருப்பினார். பிளாஸ்டிக் இருக்கையில் பட்டிருந்த மழைத்துளியைத் தன் கோட்டுக் கையால், மேலிருந்து கீழாக, ஒரு மூலை விடாமல் துடைத்தார். “சுஸேர்” என்றார். நான் இருந்தேன். என் கையிலிருந்த பையையும் ஈரக் குடையையும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எனக்குப் பின்னால் போய், ஒரு அடி இடப்பக்கம் தள்ளி நின்று, நாடியைத் தாழ்த்தி, உதட்டைப் பூட்டிக்கொண்டார்.